தவணையில் வாங்கிய பொருள்: குறைக்கு யார் பொறுப்பு?

ஆடித் தள்ளுபடியில் தொடங்கித் தீபாவளி வரையிலான மாதங்கள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடைகளுக்கு அறுவடைக் காலம். தொழிற்சாலைகளில் போனஸ் பேச்சு எழும் காலமும் அதுவே. அந்தக் கடைகளுக்குள் நுழைந்தால், பில் போடும் இடத்துக்கு அருகில் ஒரு சிறிய மேசையைக் காணலாம். நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த அட்டையைக் கழுத்தில் அணிந்த இளைஞர் ஒருவர் கைபேசியுடன் அமர்ந்திருப்பார். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், கைபேசிக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைத் தந்தால் கால் மணி நேரத்தில் கடன் கிடைத்துவிடும். குளிர்சாதனப் பெட்டி அன்று மாலையே வீடு வந்து சேரும்.

வந்து சேர்ந்தது கடையில் காட்டிய பொருளாக இல்லாவிட்டால் என்ன செய்வது? கடைக்காரர் உற்பத்தியாளரின் சேவை மையத்தைக் கைகாட்டுவார். தவறான மாடலை அனுப்பியது கடைதான் என்று சேவை மையம் சொல்லும். நிதி நிறுவனமோ, பொருளுக்கும் தனக்கும் தொடர்பில்லை, தவணை மட்டும் தேதி தவறக் கூடாது என்று சொல்லும். வாங்குபவர் ஒரே மேசையில் ஒரே வியாபாரமாகச் செய்துகொண்டதைச் சட்டம் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்களாகப் பார்க்கிறது. கடையிலேயே கடன் பெற்றுப் பொருள் வாங்கியவர்கள் படும் துன்பத்துக்கு இந்தப் பிளவே வேர் என்பது என் கருத்து.

தவணைக்காரரும் நிதி நிறுவனமும்

தவணை முறை நமக்குப் புதியதன்று. பாத்திரம், இரும்பு பீரோ, மின்விசிறி, சேலை ஆகியவற்றைச் சைக்கிளிலும் பின்னர் சிறு வேனிலும் கொண்டுவந்து, வாரந்தோறும் வீட்டு வாசலில் பணம் வாங்கிச் சென்ற தவணைக்காரர்களை என் தலைமுறையினர் நன்கறிவர். அவர்களின் விலை அதிகம். கணக்கும் சில நேரங்களில் முறையற்றது. ஆனால் அந்த ஏற்பாட்டில் வாங்குபவரிடம் ஒரு பிடி இருந்தது. விற்றவரும் கடன் கொடுத்தவரும் ஒருவரே. பீரோவின் பூட்டு சரியில்லை என்றால் அந்த வாரப் பணத்தை இல்லத்தரசி கொடுக்க மாட்டார். மீதிப் பணம் வேண்டுமானால் தவணைக்காரர் பூட்டை மாற்றித் தந்தே ஆக வேண்டும்.

இன்றைய ஏற்பாட்டில் கடன் தொகை நிதி நிறுவனத்திடமிருந்து நேராகக் கடையின் கணக்குக்குச் செல்கிறது. குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான கடனை இவ்வாறு விற்பனையாளருக்கே நேரடியாக வழங்க ரிசர்வ் வங்கியின் விதிகளும் இடமளிக்கின்றன. பொருளின் விலை முழுவதும் கடைக்காரர் கைக்கு வந்துவிடுவதால், குறையைச் சரிசெய்ய வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை. நிதி நிறுவனத்துக்குத் தவணை தானாகவே வந்துகொண்டிருக்கும் என்பதால், எந்தக் கடை எப்படி விற்கிறது என்று கண்காணிக்க வேண்டிய தேவை அதற்கும் இல்லை. பொருளாதாரத்தின் மொழியில் சொன்னால், தகவலும் அதிகாரமும் உடைய இருவரிடமிருந்து இழப்பின் சுமை விலகி, இரண்டும் இல்லாத மூன்றாமவர் மீது விழுகிறது.

வட்டியில்லாக் கடன் என்னும் கணக்கு

தவறான விற்பனை பொருளில் மட்டும் நிகழ்வதில்லை. பெரும்பாலும் கடனின் விலையிலேயே தொடங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு. தொலைக்காட்சிப் பெட்டியின் விலை 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கமாக வாங்கினால் 42,000 ரூபாய்க்குக் கிடைக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் 4,500 ரூபாய் வீதம் பத்துத் தவணைகள். முதல் தவணையும் செயலாக்கக் கட்டணம் 1,000 ரூபாயும் அன்றே கட்ட வேண்டும். ஆக, 42,000 ரூபாய் பொருளுக்கு முதல் நாளே 5,500 ரூபாய் கொடுக்கிறோம். உண்மையான கடன் 36,500 ரூபாய் மட்டுமே. அதற்கு ஒன்பது மாதங்களில் 40,500 ரூபாய் திருப்பிச் செலுத்துகிறோம். கூடுதலாகத் தருவது 4,000 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், இதன் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு.

வங்கிகளின் இத்தகைய திட்டங்களைக் குறித்து 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லை என்றும், அந்த வட்டி செயலாக்கக் கட்டணம் போன்ற வேறு பெயர்களில் மறைக்கப்படுகிறது என்றும் அது வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது. உற்பத்தியாளரோ கடைக்காரரோ உண்மையிலேயே வட்டியை ஏற்றுக்கொள்ளும் திட்டங்களும் உண்டு. ரொக்கத்துக்கு என்ன விலை என்ற ஒரே கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கு மேலும் சில சேர்க்கைகள் உண்டு. கேட்காமலேயே கடனில் சேர்க்கப்படும் நீட்டித்த வாரண்டி, காப்பீடு, தவணை அட்டைக்கான கட்டணம் ஆகியவை அவை. பொருளின் பக்கத்திலோ, காட்சிக்கு வைத்திருந்ததைப் புதியதென விற்பது, ஐந்து நட்சத்திரக் குறியீட்டைக் காட்டி மூன்று நட்சத்திர மாடலை அனுப்புவது, மின்கலத்தின் திறனையோ மின் ஸ்கூட்டர் ஓடும் தூரத்தையோ மிகைப்படுத்திச் சொல்வது ஆகியவை வழக்கமான முறைகள்.

தவணையை நிறுத்தினால்

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறார். கடையில் ஐந்து நட்சத்திரக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துத் தவணையில் வாங்கினார். பொருள் வந்தபோது அவர் பணியில் இருந்தார். அவருடைய தாயார் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். வந்தது மூன்று நட்சத்திர மாடல் என்பது இரண்டு வாரம் கழித்தே தெரிந்தது. பில்லில் உள்ள மாடல் எண்ணே வந்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். எண்களும் எழுத்துகளும் கலந்த அந்தக் குறியீட்டைப் படித்து நட்சத்திரத்தை அறிவது எளிதன்று. பலமுறை அலைந்த பின் நான்காவது தவணையை அவர் நிறுத்தினார். தன் பங்கு நியாயத்தை அப்படித்தான் நிலைநாட்ட முடியும் என்று அவர் எண்ணினார். அவருடைய பாட்டி காலத்தில் அது சரியான வழியாகவே இருந்திருக்கும்.

இன்று நடப்பது வேறு. தானியங்கிப் பற்று திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. நிதி நிறுவனம் தண்டக் கட்டணம் விதிக்கிறது. தவணை தவறிய செய்தி கடன் தகவல் நிறுவனங்களுக்குச் செல்கிறது. கணக்கில் பணம் இல்லாமல் மின்னணுப் பற்று திரும்பினால், உரிய அறிவிப்புக்குப் பின்னும் பணம் செலுத்தாதவர் மீது, 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்கீழ்க் குற்ற வழக்கே தொடர முடியும். காசோலை திரும்பிய வழக்குக்கு நிகரானது அது. அந்த மாணவருக்கு வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேலைக்குச் சென்றுவர இருசக்கர வாகனக் கடன் கேட்டபோது, கடன் மதிப்பெண் குறைவு என்று மறுத்துவிட்டார்கள். கட்டணங்களுடன் சேர்த்து எல்லாத் தவணைகளையும் அடைத்த பிறகே அவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு புகைப்படமோ எழுத்துவழிப் புகாரோ இல்லை; எல்லாம் தொலைபேசிப் பேச்சாகவே போயிருந்தது.

ஆகவே முதல் விதி: பொருள் குறித்த புகாருக்காகத் தவணையை நிறுத்தக் கூடாது. எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துகொண்டே தவணையைச் செலுத்த வேண்டும். இது நியாயமான விதி என்று நான் சொல்லவில்லை. இன்றுள்ள சட்ட நிலையில் பாதுகாப்பான விதி இதுவே.

சட்டம் தரும் வழி

2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலையை ஒத்திவைத்துச் செலுத்தும் முறையில் வாங்கியவரையும் நுகர்வோர் என்றே வரையறுக்கிறது. கடன் முடியும்வரை உரிமை இல்லை என்று யாரேனும் சொன்னால் அது தவறு.

எல்லையோர மாவட்டமான நமக்கு இச்சட்டத்தின் 34-ஆவது பிரிவு பெரிய வாய்ப்பு. ஓசூரில் வசிப்பவர் அத்திப்பள்ளியிலோ பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொருள் வாங்குவது அன்றாட நிகழ்வு. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்தில் அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தில்தான் வழக்குத் தொடுக்க முடியும். புதிய சட்டத்தில், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே தொடுக்கலாம். கர்நாடகக் கடைக்கு எதிரான புகாரைக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே பதிவு செய்யலாம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே பணிபுரிபவர்களுக்கும் இந்த உரிமை பொருந்தும்.

செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணம் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் புகார் தாக்கல் செய்யலாம், காணொலி வழி விசாரணையையும் கோரலாம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்தால் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு இது சிறிய சலுகையன்று. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். எதிர்த்தரப்பினர் 30 நாட்களில், மிஞ்சினால் மேலும் 15 நாட்களில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதங்களிலும், சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நெடுங்காலம் ஆவதும் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை.

புகாரில் கடை, உற்பத்தியாளர், நிதி நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. வழக்கு முடியும்வரை தவணை வசூலையோ கடன் மதிப்பெண்ணைப் பாதிக்கும் தகவலையோ நிறுத்திவைக்குமாறு 38-ஆவது பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கோரலாம். தருவது ஆணையத்தின் முடிவு. கடன் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாய நிபந்தனை இருப்பதைக் காட்டிப் புகாரைத் தடுக்க இயலாது என்பது 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோன விவாதம்.

சான்றுகளே வழக்கின் உயிர். விளம்பரத் துண்டு, விலைச்சீட்டு, பில், பெட்டியின் மேல் ஒட்டிய மாடல் எண், பொருளைப் பிரிக்கும்போது எடுத்த காணொலி, கடைக்கு எழுதிய மின்னஞ்சல் அல்லது பதிவு அஞ்சலின் நகல் ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். பில் தர மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று சட்டமே கூறுகிறது.

கடனைப் பற்றிய பொய்

பொருளைப் பற்றிய பொய் வேறு. கடனைப் பற்றிய பொய் வேறு. இரண்டாவதற்கு நிதி நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாத பொறுப்புடையது. தன் சார்பில் கடன் பெற்றுத் தரும் முகவரின் செயலுக்கு நிறுவனமே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கான எல்லாத் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைத் தருவது கட்டாயம். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்க வேண்டும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியிலும் அது அமைய வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூரில், ஆங்கில ஒப்பந்தத்தைக் கைபேசித் திரையில் உருட்டிக் காட்டி ஓடிபி பெறுவது இந்த விதிக்குப் பொருந்தாது.

விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கும் சான்று உண்டு. முக்கிய விவரக் குறிப்பு வழங்காதது உள்ளிட்ட குறைகளுக்காக, நாட்டின் மிகப் பெரிய தவணைக் கடன் நிறுவனங்களுள் ஒன்றான பஜாஜ் ஃபைனான்ஸ் தனது இரண்டு திட்டங்களில் புதிய கடன் வழங்குவதை 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. குறைகள் களையப்பட்ட பின்னர் 2024 மே மாதத்தில் தடை நீங்கியது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காதவர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். தொலைபேசி எண் 14448. கடன் மதிப்பெண்ணில் ஏற்பட்ட பிழையை 30 நாட்களில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பலர் சேர்ந்தால்

மின் ஸ்கூட்டர்கள் உருவாகும் மாவட்டம் நம்முடையது. ஓலா நிறுவனத்தின் தொழிற்சாலை போச்சம்பள்ளியிலும், ஏத்தர், டிவிஎஸ் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் ஓசூரிலும் உள்ளன. மத்திய அரசின் மானிய வரம்புக்குள் விலையைக் காட்டுவதற்காக மின்னேற்றிக்குத் தனியே பணம் வாங்கப்பட்டது என்ற பிரச்சினை எழுந்தபோது, 2023-இல் இம்மூன்று நிறுவனங்களும் ஹீரோ நிறுவனமும் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. 2024 அக்டோபரில், தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஓராண்டில் பதிவான 10,644 புகார்களின் அடிப்படையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பியது. புகார்களில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டதாக நிறுவனம் பதிலளித்தது.

வண்டி பழுதுபார்க்கும் இடத்தில் நிற்கும் நாட்களிலும் கடனில் வாங்கியவரின் தவணை நிற்பதில்லை. தனியொருவராக வழக்காடினால் ஆண்டுகள் ஆகும். 1915 என்னும் எண்ணில் ஒவ்வொருவரும் பதிவு செய்யும் புகார், தனக்குத் தீர்வு தராமல் போனாலும், எண்ணிக்கையாகச் சேர்ந்து ஒழுங்குமுறை அமைப்பை அசைக்கிறது. ஒரே குறையுடைய பலர் ஆணையத்தின் அனுமதியுடன் கூட்டாகப் புகார் தரவும் 35-ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஒரே கடையில் வாங்கிய ஒரே தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இதைப் பயன்படுத்தலாம்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

இவ்வளவு வழிகள் இருந்தும், நான் முதலில் சொன்ன பிளவு அப்படியே இருக்கிறது. இணையவழிக் கடனிலிருந்து குறுகிய காலத்துக்குள் அபராதமின்றி விலகும் உரிமையை ரிசர்வ் வங்கி தந்துள்ளது. ஆனால் விலகுபவர் அசலைத் திருப்பித் தர வேண்டும். அந்த அசலோ கடைக்காரரிடம் இருக்கிறது. கடை பொருளைத் திரும்பப் பெறாதவரை அந்த உரிமையால் பயனில்லை.

பிற நாடுகள் இதை எப்போதோ எதிர்கொண்டுவிட்டன. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், முந்தைய எல்லாப் பொருள்களையும் புதிய தவணையுடன் பிணைத்து, ஒரு தவணை தவறினாலும் அனைத்தையும் எடுத்துச் செல்லலாம் என்று எழுதிவைத்த மரச்சாமான் கடையின் ஒப்பந்தத்தை 1965-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்விக்கு உட்படுத்தியது. மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தத் தேவையில்லை என்றது. பத்தாண்டுகள் கழித்து, 1975-இல் அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் ஒரு விதி கொணர்ந்தது. விற்றவருக்கு எதிராக வாங்கியவர் எழுப்பக்கூடிய எல்லாக் கோரிக்கைகளையும், அந்த விற்பனைக்கான கடன் ஒப்பந்தத்தை வைத்திருப்பவருக்கு எதிராகவும் எழுப்பலாம் என்பதே அது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருள்களுக்குக் கடன் கொடுத்தவரையும் விற்றவருடன் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது.

இந்தியாவும் 1972-இல் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை இயற்றியது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வராமலேயே 2005-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

கூட்டுப் பொறுப்பைச் சுமத்தினால் கடன் விலை ஏறும், ஏழைகளுக்குக் கடன் கிடைக்காது என்ற மறுப்பு எழும். அதில் ஓரளவு உண்மை உண்டு. பொறுப்புக்கு ஒரு விலை இருக்கவே செய்யும். ஆனால் அந்தச் செலவு இன்று இல்லாமற்போகவில்லை. ஏமாற்றப்பட்டவர் அதைத் தனியே தாங்குகிறார். ஒரு நிதி நிறுவனத்தின் கணினியில் நூற்றுக்கணக்கான கடைகளின் விற்பனை விவரம் இருக்கிறது. எந்தக் கடையிலிருந்து புகார்கள் வருகின்றன என்பதை அதனால் ஒரு நாளில் கண்டறிய முடியும். வாங்குபவரால் ஒருபோதும் முடியாது. நிறுவனத்துக்குப் பொறுப்பு வந்தால், மோசமான கடையுடன் அது உடன்படிக்கை வைத்துக்கொள்ளாது. நேர்மையான கடைக்காரருக்கும் இதனால் நன்மையே.

முழுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பொருள் குறித்து எழுத்துவழிப் புகார் வந்தால், அது தீரும்வரை அந்தக் கடனின் தவணையையும் கடன் மதிப்பெண்ணையும் 60 நாட்களுக்கு நிறுத்திவைக்க ரிசர்வ் வங்கி ஆணையிடலாம். கடையுடன் செய்யும் உடன்படிக்கையில், பொருள் திரும்பினால் கடனையும் கடையே முடித்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கட்டாயமாக்கலாம். மாவட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் போனஸ் காலத்துக்கு முன்பே ஆலை வாயில்களில் மூன்று மொழிகளில் துண்டறிக்கை தரலாம். கல்லூரிகளின் நுகர்வோர் மன்றங்கள் புகார் எழுத உதவலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைத் தாண்டாமல் ஒரு திருகாணிகூட வெளியேறுவதில்லை. அந்த ஆலைகளில் உழைப்பவர்கள் தங்கள் கூலியின் எதிர்காலப் பகுதியை அடகு வைத்து வாங்கும் பொருளுக்கும் அதே தரமும் பொறுப்பும் கிடைக்க வேண்டும். விற்பனையின் இலாபத்தைக் கடையும் நிதி நிறுவனமும் பங்கிட்டுக்கொள்ளும்போது, அதன் குறையையும் இருவரும் பங்கிட்டுக்கொள்வதே முறை.